21 நாளில் குடி போகுமா?

கார்த்திகை பிறந்ததும் உப்பிலியபுரம் கடைத்தெருவில் கறுப்பு வேட்டிகள் கூடிவிடும். நேற்றுவரை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் கால் தரிக்காத மனிதர், விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து, கழுத்தில் துளசி மாலையோடு நிற்பார். ஊரே அவரை 'சாமி' என்று கூப்பிடும். ஒரு மண்டலம் அந்த வீட்டில் சண்டை கிடையாது. தை பிறக்கும், மலைக்குப் போய் வருவார், மாலையைக் கழற்றுவார். சிலர் அன்று ராத்திரியே, சிலர் ஒரு வாரம் தாக்குப்பிடித்து, பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். "அத்தனை நாள் முடிஞ்சுது, இப்ப மட்டும் ஏன் முடியலை?" என்று வீட்டுக்காரம்மா கேட்பார்.

நியாயமான கேள்வி. இதே கேள்வி அமெரிக்காவில் சில வருடங்கள் தொலைக்காட்சியில் ஓடியது. அங்கே மண்டலம் 48 நாள் இல்லை, 21 நாள். மாலை போட்டவர்கள் நடிகர்களும் பாடகர்களும். கழற்றிய பிறகு அவர்களுக்கு என்ன ஆனது என்பதைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டுக் கேள்விக்கும் பாதி விடை கிடைக்கும்.

என்ன நிகழ்ச்சி அது?

'செலிபிரிட்டி ரீஹேப் வித் டாக்டர் ட்ரூ'. விஎச்1 என்ற சேனலில் 2008 ஜனவரியில் தொடங்கியது. நடத்தியவர் ட்ரூ பின்ஸ்கி என்ற மருத்துவர். போதை நோய் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர், வானொலி வழியாக ஏற்கெனவே ஊரறிந்தவர். கலிஃபோர்னியாவில் பாசடீனா ரெக்கவரி சென்டர் என்ற நிஜமான மறுவாழ்வு மையத்தில் படம்பிடித்தார்கள். செட் போட்ட வீடு இல்லை, நடிப்பு நோயாளிகளும் இல்லை.

வந்தவர்கள் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்து, பிறகு மார்க்கெட் இழந்தவர்கள். 'கிரீஸ்' படத்தில் நடித்த ஜெஃப் கானவே வந்தார். ஆலிஸ் இன் செயின்ஸ் இசைக்குழுவின் மைக் ஸ்டார், நாட்டுப்புறப் பாணிப் பாடகி மிண்டி மெக்ரெடி, கூடைப்பந்து வீரர் டென்னிஸ் ராட்மன் ஆகியோர் வந்தார்கள். 1991-ல் லாஸ் ஏஞ்சலிஸ் போலீசார் அடித்த வீடியோவால் உலகமே அறிந்த ராட்னி கிங்கும் வந்தார். பங்கேற்றதற்கு எல்லாருக்கும் பணம் உண்டு.

நிகழ்ச்சியின் ஓட்டம் நமக்குப் பழகிய சீரியல் மாதிரிதான். முதல் எபிசோடில் தள்ளாடிக்கொண்டே வந்து இறங்குவார்கள். அடுத்து வாந்தி, கை நடுக்கம், வெளியே விடச் சொல்லி ரகளை. நடுவில் சிறுவயதுக் காயங்கள், குழுவாக உட்கார்ந்து அழுகை. மூன்றாவது சீசனில் மெக்ரெடிக்கு வலிப்பு வந்தது, அதுவும் ஒளிபரப்பானது. கடைசி எபிசோடில் விடைபெறும் விழா, கட்டிப்பிடித்தல், நல்வாழ்த்து.

பின்ஸ்கியின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. போதை ஒரு நோய் என்று லட்சக்கணக்கானோர் கண்ணால் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டுச் சிலராவது சிகிச்சைக்கு வருவார்கள் என்றார். பணத்துக்காக வந்தாலும் பரவாயில்லை, வந்த பிறகு சிகிச்சை தன் வேலையைச் செய்யும் என்றும் நம்பினார்.

பிறகு என்ன ஆனது?

2011 மார்ச்சில் மைக் ஸ்டார் இறந்தார். அதே ஆண்டு மே மாதம் ஜெஃப் கானவே. 2012 ஜூனில் ராட்னி கிங் தன் வீட்டு நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார், உடலில் மதுவும் போதைப்பொருளும் இருந்ததாகப் பரிசோதனை சொன்னது. ஆகஸ்டில், நிகழ்ச்சிக்கு வந்திருந்த இன்னொருவரான ஜோயி கோவார். 2013 பிப்ரவரியில் மிண்டி மெக்ரெடி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டே ஆண்டுகளுக்குள் ஐந்து சாவு. இவர்களில் ஸ்டார், கோவார், மெக்ரெடி மூவரும் மூன்றாவது சீசனில் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள்.

கடைசி சீசனில், 2012-லேயே, பிரபலங்களை விட்டுவிட்டுச் சாதாரண மனிதர்களை வைத்து எடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் பின்ஸ்கி இனி இந்த நிகழ்ச்சி வேண்டாம் என்று அறிவித்தார்.

அப்படியானால் நிகழ்ச்சிதான் கொன்றதா? அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. வந்தவர்கள் பல வருடம் முற்றிப்போன நோயாளிகள், கேமரா இல்லாமல் சிகிச்சை எடுத்திருந்தாலும் அவர்களில் சிலர் இறந்திருக்கலாம். ஒவ்வொரு சாவுக்கும் காரணம் வேறு. மறுபக்கமும் உண்டு. அதே மூன்றாவது சீசனில் இருந்த நடிகை மெக்கன்சி ஃபிலிப்ஸ் மீண்டெழுந்தார், பிற்பாடு தானே போதை நோயாளிகளுக்கு ஆலோசகரானார்.

ஐந்து சாவை வைத்து நிகழ்ச்சியைத் தூக்கில் போடவும் முடியாது, ஒரு ஃபிலிப்ஸை வைத்துக் கோயில் கட்டவும் முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். பார்வையாளர் மனத்தில் 'முடிந்தது' என்று பதிந்த அந்த விடைபெறும் விழாவில் சிகிச்சை முடியவில்லை. அங்கேதான் ஆரம்பித்தது. ஏன் என்று புரிய, உடம்புக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

குடியை நிறுத்தினால் உடம்பில் என்ன நடக்கிறது?

மது மூளையின் வேகத்தைத் தணிக்கிற பொருள். வருடக்கணக்கில் தினமும் ஊற்றினால், மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டு விடுகிறது. ஏற்றத்தில் பாரவண்டி இழுக்கும் மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் சட்டென்று அறுந்து விழுந்தால் மாடுகள் தறிகெட்டு ஓடும். குடியைத் திடீரென்று நிறுத்தும்போது நடப்பது அதுதான்.

கடைசிக் கிளாசுக்குப் பிறகு ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சி சுவரில் ஊர்வது தெரியும், யாரோ கூப்பிடுவது கேட்கும், நாள் கிழமை மறந்துபோகும், காய்ச்சல் ஏறும். ஆங்கில மருத்துவத்தில் இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

மாலை போட்ட மூன்றாம் நாள் ஒருவர் பிதற்றத் தொடங்கினால், விரதத்தில் ஏதோ பிசகு, சாமி குத்தம் என்று வீட்டார் பயந்துபோவது உண்டு. அது குத்தமில்லை. மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டிய நோய். தினமும் காலையில் கண் விழித்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், மாலை போடுவதாக இருந்தாலும் சரி, மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வதாக இருந்தாலும் சரி, முதலில் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.

மருத்துவமனையில் இந்தச் சில நாட்களைக் கடத்த நல்ல வழி இருக்கிறது. குளோர்டயசெபாக்சைடு, லோரசெபாம் போன்ற மாத்திரைகளைப் போதுமான அளவில் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். நீண்ட நாள் குடித்தவருக்கு பி1 என்ற தயமின் சத்து குறைந்திருக்கும். அதை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அதனால்தான் "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா தெளிஞ்சுடுவான்" என்ற ஊர் வைத்தியம் ஆபத்தானது.

இதற்குப் பெயர் நச்சு நீக்கம். ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள். தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு இதுதான் பரபரப்பான பகுதி. மருத்துவர்களைக் கேட்டால், இதுதான் இருப்பதிலேயே சுலபமான பகுதி என்பார்கள்.

கடினமான பகுதி எது?

உடம்பு தெளிந்த பிறகு வரும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம். சம்பளம் வாங்கிய சனிக்கிழமை. மச்சான் வீட்டுக் காதுகுத்து, பங்காளி வீட்டுக் கருமாதி. மனைவியோடு வாய்த்தகராறு முடிந்த ராத்திரி. இப்படி ஒவ்வொரு இடத்தையும் குடிக்காமல் ஒரு முறை கடந்தால்தான் மூளை அதைப் புதிதாகக் கற்கும். அதற்கு மாதங்கள் ஆகும், பலருக்கு வருடங்கள். இடையில் ஆலோசனை, குடும்பத்துக்கும் ஆலோசனை, சிலருக்கு ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாத்திரைகள், மாதா மாதம் மறுபார்வை. படம்பிடித்தால் பத்து நிமிடம்கூடப் பார்க்க மாட்டோம். ஒரு ஆள் டீ குடிக்கிறார், வேலைக்குப் போகிறார், வருகிறார், தூங்குகிறார். இதை எந்தச் சேனல் வாங்கும்?

மறுபடி குடிப்பதும் இந்த நோயின் இயல்புதான். சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் வரை ஒரு கட்டத்தில் திரும்ப விழுகிறார்கள் என்று அமெரிக்காவின் தேசியப் போதைப்பழக்க ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகள் மாத்திரையை விட்டுவிட்டு மறுபடி படுப்பதும் கிட்டத்தட்ட இதே அளவில்தான் என்றும் சேர்த்துச் சொல்கிறது. பிரஷர் மாத்திரையை நிறுத்தி மயங்கி விழுந்த மாமாவை யாரும் "நீ தேறவே மாட்டே" என்று திட்டுவதில்லை. மருந்துச் சீட்டைத் தேடுகிறோம். குடிநோயாளிக்கும் அதே நியாயம் வேண்டும்.

அபின் வகைப் போதைகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஹெராயின், வலிநிவாரணி மாத்திரைகள் எல்லாம் இந்த வகை. தொடர்ந்து எடுப்பவரின் உடம்பு பெரிய அளவையும் தாங்கப் பழகியிருக்கும். சில வாரம் நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி இறங்கிவிடும். ஆனால் கைக்கு ஞாபகம் இருப்பது பழைய அளவு. வெளியே வந்து ஏக்கத்தில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகும். மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் இந்த நோயாளிகளுக்கு உயிராபத்து அதிகமான காலம். கேமராக்கள் மூட்டை கட்டிக் கிளம்புவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

கேமரா இருந்தால் என்ன தப்பு?

சம்மதம்தான் முதல் சிக்கல். கை நடுங்கிக்கொண்டிருக்கும் ஆள், கடனில் மூழ்கிய ஆள், மறுபடி வெளிச்சத்துக்கு வரத் துடிக்கும் பழைய நட்சத்திரம் போடும் கையெழுத்தை முழு மனதோடு போட்டது என்று சொல்ல முடியுமா? ஆறு மாதம் கழித்துத் தெளிந்த பிறகு, தான் வாந்தியெடுத்ததை ஊர் பார்த்ததற்கு அவர் சம்மதிப்பாரா? அப்போது திரும்பப் பெறவும் வழியில்லை.

அடுத்தது ரகசியம். மருத்துவரிடம் நோயாளி உண்மை பேசுவது, அது நாலு சுவருக்குள் நிற்கும் என்ற நம்பிக்கையில். கேமரா முன்னால் பேசும்போது மனிதர் தன்னையறியாமல் பாத்திரமாகிவிடுகிறார். பிரபலங்களுக்கு அது தொழில் வேறு. எந்த அழுகை எடுபடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவதாக, ஒரே மனிதர் மருத்துவராகவும் நிகழ்ச்சியின் நாயகராகவும் இருப்பது. நோயாளிக்கு அன்று தூக்கம் வேண்டும், நிகழ்ச்சிக்கு அன்று ஒரு மோதல் வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் மருத்துவர் யார் பக்கம் நிற்பார்?

1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு இதை அன்றே யோசித்தது. குடியை விட்டவர்கள் கூடிப் பேசி ஒருவரையொருவர் தாங்கும் அமைப்பு அது, தமிழ்நாட்டிலும் 'ஏஏ கூட்டம்' என்ற பெயரில் நடக்கிறது. பெயரிலேயே 'பெயர் சொல்லாமை' இருக்கிறது. பத்திரிகை, வானொலி, சினிமா எதிலும் உறுப்பினர் என்று தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அதன் மரபுகளில் ஒன்று. வெட்கம் மட்டுமே காரணமில்லை. ஒருவரை விளம்பரத்தூணாக நிறுத்தி, நாளைக்கு அவர் விழுந்தால், அவரைப் பார்த்து நம்பியவர்களும் சேர்ந்து விழுவார்கள்.

நம் ஊரில் இப்படி நடந்திருக்கிறதா?

பிரபலங்களை மறுவாழ்வு மையத்தில் அடைத்துப் படம்பிடிக்கும் நிகழ்ச்சி தமிழில் வந்ததில்லை. ஆனால் குடிகாரக் கணவனை ஸ்டூடியோவில் உட்காரவைத்து, மனைவி அழ, நடத்துபவர் அதட்ட, ஊரே பார்த்த காலம் ஒன்று இருந்தது. ஜீ தமிழின் 'சொல்வதெல்லாம் உண்மை' நினைவிருக்கும். அதில் நிறுத்தப்பட்டவர்கள் பிரபலங்கள் இல்லை, நம்மைப் போன்ற வீட்டுக்காரர்கள். நடிகருக்காவது கேட்க மேனேஜரும் வக்கீலும் உண்டு, செங்கல் சூளைக்காரருக்கு யார் இருக்கிறார்கள்? 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது.

இன்னொரு விதமாகவும் இதைத் தொலைக்காட்சியில் செய்ய முடியும் என்று காட்டியது ஆமிர் கான் நடத்திய 'சத்யமேவ ஜயதே'. 2012 ஜூலை 1 அன்று மதுவைப் பற்றிய அத்தியாயம் வந்தது, விஜய் டிவியில் தமிழிலும் பார்த்தோம். அதில் உருதுக் கவிஞரும் இந்தித் திரைக்கதாசிரியருமான ஜாவேத் அக்தர் உட்கார்ந்து தன் குடி வாழ்க்கையைப் பேசினார். அவர் கடைசியாகக் குடித்தது 1991 ஜூலை 31. அதாவது, குடியை விட்டு ஏறத்தாழ 21 வருடம் கழித்துத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை, நடுங்கவில்லை. குடியில் போன வருடங்களை நிதானமாகக் கணக்குப் பார்த்துச் சொன்னார்.

இந்தி நடிகை பூஜா பட் 2016 டிசம்பரில் குடியை விட்டவர். 2023-ல் 'பிக் பாஸ் ஓடிடி' வீட்டுக்குள் இருந்தபோது அதைப் பற்றித் திறந்து பேசினார். ரியாலிட்டி ஷோதான், கேமராதான். ஆனால் நோய் அன்று நடந்துகொண்டிருக்கவில்லை, கதை அவர் கையில் இருந்தது.

ஆக, பிரபலம் பேசுவது தப்பில்லை. 21 நாளில் பேசவைப்பதா, 21 வருடம் கழித்து அவராகப் பேசுவதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ல் நிறைவேறி, 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. அதன் 23-வது பிரிவு நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறது. 24-வது பிரிவு இன்னும் நேரடியானது: சிகிச்சையில் இருப்பவரின் புகைப்படமோ வேறு தகவலோ அவருடைய சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குப் போகக் கூடாது. குடும்பத்தார் சம்மதம் போதாது, அவருடைய சம்மதம் வேண்டும். நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதையும் இதே சட்டம் தடுக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு கிடந்த 28 பேர் கருகிய பிறகும் அந்தத் தடையைச் சட்டமாகப் பார்க்க நமக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆனது.

ஃபேஸ்புக்கில், யூடியூபில் "எங்கள் மையத்தில் திருந்தியவர்" என்று ஆளின் முகத்தோடு வீடியோ போடும் மறுவாழ்வு மையங்களைப் பார்த்தால் இந்த 24-வது பிரிவு ஞாபகத்துக்கு வரட்டும்.

கேமரா இல்லாத ஒரு வழி

1979-ல் சென்னையில் 33 வயது டி.டி. ரங்கநாதன் குடிநோயால் இறந்தார். டி.டி.கே. குழுமத்தின் வாரிசு. பணத்துக்கோ படிப்புக்கோ குறைவில்லாத குடும்பம். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அந்தத் துக்கத்தோடு அமெரிக்கா போய், ஹேசல்டன் என்ற புகழ்பெற்ற மையத்தில் பயிற்சி எடுத்து, 1980-ல் கணவர் பெயரில் ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படுவது அதுதான். குடியை ஒழுக்கக்கேடு என்று மட்டுமே பேசிய காலத்தில் 'குடிநோய்' என்ற பேச்சைத் தமிழ்நாட்டில் நிலைநாட்டியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவர்கள் செய்த இன்னொரு காரியம் நமக்கு நெருக்கமானது. 1980-களின் இறுதியில் நம் டெல்டா பக்கம் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் போட்டார்கள். 15 நாள் அங்கேயே தங்கவைத்துச் சிகிச்சை, குடும்பத்தாருக்கும் வகுப்பு. முக்கியமான விஷயம், முகாம் முடிந்த பிறகும் ஒரு வருடத்துக்குத் தொடர்ந்து வந்து பார்த்தார்கள். நாள் கணக்கில் பார்த்தால் அமெரிக்க நிகழ்ச்சியைவிடக் குறைவு. ஆனால் ஊரைவிட்டுக் கொண்டுபோய்க் காட்சிப்பொருளாக்கவில்லை. எந்த ஊரில் குடித்தாரோ அந்த ஊரிலேயே நிறுத்தினார்கள், 16-ஆம் நாளுக்கும் ஆட்கள் இருந்தார்கள்.

நம் திருச்சி மாவட்டத்துக்கும் இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. காவிரியின் வடகரையில், முசிறி போகும் வழியில் குணசீலம் பெருமாள் கோயிலில் மனம் கலங்கியவர்களை ஒரு மண்டலம் தங்கவைப்பது நெடுநாள் வழக்கம். உச்சிக்காலத்திலும் இரவிலும் பூஜைத் தீர்த்தத்தை முகத்தில் தெளிப்பார்கள். இப்போது கோயிலையொட்டி அரசு அனுமதியோடு மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. தீர்த்தமும் மாத்திரையும் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றைப் பிடித்தவர் இன்னொன்றை விட வேண்டியதில்லை.

உப்பிலியபுரத்தில் ஒரு வீட்டில் இந்தப் பிரச்சினை இருந்தால்?

மத்திய சமூகநீதித் துறைக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் மதுவால் சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் நிலையில் 5.7 கோடிக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேர் வீட்டில்தான் இருக்கிறார்கள். எனவே செய்யக்கூடியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எங்கே போவது? மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலாக வந்ததே திருச்சியில்தான், 1997-ல். துறையூர் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் வரும் நாளை விசாரியுங்கள். அங்கே முடியாவிட்டால் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. யாருக்கும் தெரியாமல் முதலில் பேசிப் பார்க்க வேண்டுமானால், போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். வலிப்பு, புத்தித் தடுமாற்றம், நிற்காத வாந்தி என்றால் யோசிக்காமல் 108.

தனியார் மையத்தில் சேர்ப்பதானால் நாலு விஷயம் கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, சான்றிதழைக் காட்டுவார்களா? மருத்துவர் தினமும் வருகிறாரா, ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்? குடும்பத்தார் போய்ப் பார்க்கலாமா, போனில் பேசலாமா? வெளியே வந்த பிறகு எத்தனை மாதம் தொடர்பில் இருப்பார்கள்? நாலாவது கேள்விக்குப் பதில் தயங்கினால், அந்த மையம் நச்சு நீக்கத்தை மட்டும் விற்கிறது என்று பொருள். "வேன் அனுப்புறோம், பசங்க வந்து தூக்கிட்டு வந்துடுவாங்க" என்று பெருமையாகச் சொல்லும் இடத்தை அப்போதே விட்டுவிடுங்கள்.

சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா? கூடவே கூடாது. 'தெரியாமல் கலந்து கொடுக்கும் மாத்திரை' என்று விற்பனையாவதில் பெரும்பாலும் இருக்கக்கூடியது டைசல்ஃபிரம். அதைச் சாப்பிட்டவர் மேலே குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பரிசோதித்து, நோயாளிக்கே விளக்கி, அவர் ஒப்புக்கொண்டு சாப்பிட்டால் அது மருந்து. திருட்டுத்தனமாகக் கொடுத்தால் அது விஷம்.

திரும்ப விழுந்தால்? வீடியோ எடுக்காதீர்கள். குடித்துக் கிடக்கும் அப்பாவைப் பிள்ளை செல்போனில் எடுத்து, "காலையில காட்டுறேன், வெட்கம் வரட்டும்" என்று சேர்த்துவைப்பது இப்போது பல வீடுகளில் நடக்கிறது. அதுவும் ஒரு சின்ன ரியாலிட்டி ஷோதான். வெட்கம் வரும், உண்மை. வெட்கத்தோடு அந்த ஆள் நேராகப் போகும் இடம் எது என்பதும் நமக்குத் தெரியும். அதற்குப் பதிலாக மருந்துச் சீட்டை எடுங்கள், எந்த நாள், யாரோடு, எதற்குப் பிறகு குடித்தார் என்று எழுதிவையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் அந்தத் தாள் பேசும்.

சரி, 21 நாளில் குடி போகுமா? உடம்பிலிருந்து போய்விடும், பத்து நாளே போதும். ஆளிடமிருந்து போக வருடங்கள் ஆகும். மாலை போட்ட சாமிக்கு அந்த ஒரு மண்டலம் முடிந்ததற்குக் காரணம் சாமி பயம் மட்டும் இல்லை. காலையில் எழ நேரம் இருந்தது, சாயங்காலம் பஜனை இருந்தது, கூட்டாளிகளும் மாலை போட்டிருந்தார்கள், கடைக்குக் கூப்பிட யாருமில்லை, ஊர் மரியாதையாகக் கூப்பிட்டது. மறுவாழ்வு மையங்கள் பணம் வாங்கிக்கொண்டு ஏற்பாடு செய்து தருவதும் இவற்றைத்தான். மாலை கழற்றிய மறுநாள் இத்தனையும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன.

அதனால் இந்தத் தையில் உங்கள் வீட்டுச் சாமி மலையிலிருந்து இறங்கி வரும்போது, அந்த வாரமே துறையூர் மருத்துவமனைக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அவருக்கு ஒரு வேலையோ ஒரு துணையோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.